கொக்கும் குட்டிக் கணவாயும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் நீளும். நானும் தங்கையும் ஒரே மிருகக்காட்சிசாலையில் வேலை பார்க்கிறோம்; அவளுக்குப் பறவைக் கூண்டுகள், எனக்குக் கடல் தொட்டிகள். அன்று காலை, உள்ளங்கைக்குள் அடங்கும் கணவாய் மீன் ஒன்று பாறையடியில் முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டு, மூலையில் நிறம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் தங்கை வந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கிறாளாம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

எங்களை அப்பாவிடம் விட்டுவிட்டு ஓடிப்போனவள் அவள். வரமாட்டேன் என்றேன். தொட்டியைக் காட்டி, அம்மாவும் இந்த ரகம்தான், பெற்றுப் போட்டதோடு சரி; அப்பாதான் உன் கொக்கு மாதிரி கூட்டை விட்டு நகராமல் ஊட்டி ஊட்டி ஆளாக்கினார் என்று பொரிந்து தள்ளினேன்.

தங்கை கோபப்படவில்லை.

"கொக்கைப் பத்தி உனக்குத் தெரியாதுக்கா. பெரிய குஞ்சு சின்னதைக் கொத்தும். சாகுற வரைக்கும் கொத்தும். அப்பன்காரக் கொக்கு கூட்டு ஓரத்துலயே நின்னு பாத்துட்டிருக்கும். தடுக்காது."

பிறகு தொட்டியைப் பார்த்தபடி கேட்டாள்.

"பெரியப்பா அம்மாவை அடிப்பாராமே, அப்பல்லாம் அப்பா எங்க நின்னாரு? நான் கைக்குழந்தை. நீ பாத்திருப்ப."

பார்த்திருக்கிறேன். சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் அண்ணன் அடித்து ஓய்ந்ததும் எனக்குச் சோறு ஊட்ட வந்தார். அந்தச் சோற்றைத்தான் இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

அம்மா கட்டிலில் துணிமூட்டை மாதிரி கிடந்தாள். ஏன் எங்களை விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். நாங்கள் யாரென்று தங்கை காதோரம் சொன்னாள். அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு எங்களைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள்.

"உங்க பெரியப்பாவும் வந்திருக்காரா?"

அவர் செத்து வருஷக்கணக்காகிறது என்று சொன்னேன். அம்மாவின் கண் கதவை விட்டு நகரவில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். நாற்காலியைக் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் இருக்கேம்மா. நீ தூங்கு."