ரெட் ஆக்சைடு

கணேஷ்குமார் தின்னரில் நனைத்த துணியால் அப்பாவின் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு போகவில்லை. நகக்கண்களில் இறங்கி உறைந்திருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் திரும்புவதற்குள் அது போக வேண்டும். யாராவது பார்த்துக் கேட்டால் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்பா தாயுமானவன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருடம் பெயின்டர். வேகன்களில் ஏறிய துருவை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு என்ற சிவப்பு பெயின்ட் அடிப்பார். மகன் கையளவு மாதிரி வேகன்கள் செய்து அவற்றில் துரு ஏற்றுகிறவன். இரும்புத்தூள் கலந்த பெயின்ட்டைப் பூசி, காய்ந்ததும் இன்னொரு புட்டித் திரவத்தை மேலே ஒற்றினால் சில மணி நேரத்தில் நிஜத் துருவே பூக்கும். தகட்டுத் துண்டுகளில் பத்து முறை பூசிப் பார்த்தான். ஒன்று சாணி நிறத்தில் வந்தது. ஒன்று மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. பதினோராவது முறை, நேற்று, வேகன் மேலேயே சரியாக வந்தது. இருபது வருடம் மழையில் நின்ற வண்டி.

காலையில் அவன் எழுந்து வந்தபோது அப்பா அதைத் துருவில்லாமல் தேய்த்து முடித்திருந்தார். ஜன்னல் கம்பிக்கு வாங்கி வைத்த ரெட் ஆக்சைடை விரலாலேயே பூசிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அவருக்கு நாளும் தெரியாது, ஆளும் தெரியாது. அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

“அறிவிருக்கா உனக்கு? செத்துத் தொலையேன்!”

அதுவரை அப்பாவை அவன் நீ என்று சொன்னதில்லை. அவர் எழுந்து கைகட்டி நின்றார். பதினொரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

“என்னப்பா, தின்னர் நாத்தம் தெருமுனை வரைக்கும் அடிக்குது?” அப்பாவோடு வேலை பார்த்த நல்லதம்பி வாசற்படியில் நின்றார். “தாயுமானவன் டூட்டிக்குக் கிளம்பிட்டானா?” சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பின்னாலேயே அம்மா வந்தாள்.

“விடுடா. முப்பத்துநாலு வருஷம் நான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்ச கை அது.”

“அம்மா, காலைல நான்…”

“காலைல நல்லாத்தான்டா இருந்தாரு. நான் கடையிலேருந்து வந்ததும் கூப்பிட்டாரு. ஜெகதா, இன்னிக்கு போர்மேன் திட்டிட்டான்னாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.”

அவன் கை நின்றது.

“யாரு திட்டினதுன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். புது ஆளு, பேரு தெரியலன்னாரு.” அவள் அப்பாவின் வேட்டியை இழுத்துவிட்டாள். “ரொம்பப் பயந்துட்டாருடா. நாளைக்குப் போகலன்னாரு. சரி, போக வேணாம்னேன்.”

“அம்மா…”

வாசலில் சங்கு ஊதினார்கள். தண்ணீர்க்குடங்களை இறக்கும் சத்தம் கேட்டது. நான்கு பேர் உள்ளே வந்து, தூக்குவதற்குக் குனிந்தார்கள்.

“தம்பி, கையை விடுங்க” என்றார் ஒருவர்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார்.