வழியனுப்ப எழுந்தவர்

நகராட்சி அதிகாரி இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மிசாவோ விடிந்ததிலிருந்து கணவனிடம் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இன்னிக்கு மட்டும் நல்லவர் வேஷம் வேணாம். முடியாதத முடியாதுன்னு சொல்லுங்க. எந்திரிக்காதீங்க. வந்தவங்களப் பாத்து இளிக்காதீங்க.”

“சிரிச்சா என்னடி? வியாதி கால்லதான, வாயிலயா?” என்றார் தெட்சுரோ.

வாயிலும்தான் இருந்தது. ‘வியாதி’ என்ற அந்த ஒரு சொல்லை வெளியே தள்ள அவர் மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. சிறுமூளை சுருங்கிக்கொண்டே போகிற நோய். காலில் பலம் இல்லாமல் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். கை சோற்றுக் கிண்ணத்தை நோக்கிப் போகும், போகிற வழியில் தேநீரைக் கொட்டிவிட்டுத் திரும்பும். என்றாவது ஒருநாள், எதையாவது மனதில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தால், அந்தக் கால்கள் பழைய ஞாபகத்தில் கொஞ்ச நேரம் கேட்டுத் தொலைக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் இந்தக் குடும்பத்தைக் கெடுத்தது.

நடந்தது இதுதான். வசந்த காலத்தில் இதே அதிகாரி, ஓகுமுரா என்று பெயர், மின்சாரச் சக்கர நாற்காலிக்கு அவர்கள் போட்டிருந்த விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்தார். வாசலில் குரல் கேட்டதும் தெட்சுரோ என்ன செய்தார் தெரியுமா? வெந்நீர் ஊற்று விடுதியில் வாசல் பொறுப்பாளராக முப்பத்து நான்கு வருஷம் போட்டிருந்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாக்கரைத் தள்ளியபடி பன்னிரண்டு அடி நடந்துபோய், தூணைப் பிடித்து நின்று, இடுப்பை வளைத்து விருந்தாளியை வரவேற்றார். குளிப்பதெல்லாம் எப்படி என்று அதிகாரி கேட்டதற்கு, “உங்க தயவுல நல்லபடியா போகுது” என்றார். அதிகாரி போன பிறகு இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்று வாரம் கழித்து ‘வாக்கர் போதுமானது’ என்று கடிதம் வந்தது. மிசாவோ அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவள் மீனை அரைத்துப் பிட்டு செய்கிற தொழிற்சாலையில் அதிகாலை முறை வேலை பார்க்கிறவள். அவள் திரும்பும்வரை மனிதர் தனியாகக் கிடக்க வேண்டும். கழிப்பறைக்குத் தவழ்ந்துதான் போவார். போய்ச் சேராத நாளும் உண்டு. ‘இப்படியே விட்டா ஒருநாள் தலைய ஒடச்சுக்குவாரு, மலைக்கு அந்தப் பக்கம் பராமரிப்பு இல்லம் இருக்கு, யோசிங்க’ என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அங்கே போவதற்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். குளிர்காலத்தில் பனி விழுந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள். அவரை அங்கே விட்டால் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற புருஷன்தான். ஞாயிறும் வானம் விட்டால்தான்.

உபகரணக் கடைக்காரர் ஹிராய் நல்ல மனிதர், அந்தக் கடிதத்துக்குத் தோற்றுப்போக மாட்டேன் என்று மறுபடி விண்ணப்பம் போடவைத்தவர் அவர்தான். முதலில் கையால் சக்கரத்தைத் தள்ளுகிற நாற்காலி கொண்டுவந்தார். வலக்கை ஒரு தள்ளு தள்ளினால் இடக்கை மூன்று தள்ளு தள்ளியது, நாற்காலி சுவரில் போய் முட்டியது. பிறகு ஒரு மின்சார நாற்காலி. அது நடைவழியில் திரும்பவே இல்லை. மூன்றாவதுதான் பொருந்தியது. பெரிய சக்கரம் நடுவில் இருப்பதால் நின்ற இடத்திலேயே சுற்றும். ஓட்டுகிற குச்சியைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, மடிக்கு நேராக ஒரு பலகையில் வைத்து, அதன் முனையில் கனமான உருண்டை மாட்டினார் ஹிராய். பலகையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டால் கை நடுக்கம் குச்சிவரை போகவில்லை.

“அகலம் பாருங்க, தொடைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் எடம். அதிகமா இருந்தா சாஞ்சிருவாரு, கம்மியா இருந்தா புண்ணாயிரும்” என்றார்.

இரண்டு வாரம் பழகிப் பார்க்கக் கொடுத்திருந்தார். அந்த இரண்டு வாரமும் தெட்சுரோ தானே கழிப்பறைக்குப் போனார். தானே ஜன்னலோரம் போய்த் தெருவில் போகிறவர்களை வம்புக்கிழுத்தார். மிசாவோ வேலையிலிருந்து வந்தால், நடைவழியின் கடைசியில் நாற்காலி திரும்பி, “லேட்டாயிருச்சே, எவன் கூடப் பேசிட்டு நின்ன?” என்று கேட்கும். இன்று நான்கு மணியோடு தவணை முடிகிறது. ஹிராய் வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்வார், வேறொரு ஊரில் இன்னொருவர் காத்திருக்கிறார்.

அதனால்தான் அந்தப் பாட்டு. தெட்சுரோ ஒப்புக்கொண்டார். முகம் மழிக்கவில்லை. நீலச் சட்டையை மிசாவோ எடுத்து ஒளித்து வைத்ததற்கும் ஒன்றும் சொல்லவில்லை. “இருக்கிறபடி இருக்கேன்” என்று வாக்குக் கொடுத்தார்.

அவரை அவ்வளவு மிரட்டியவள் தான் மட்டும் என்ன செய்தாள்? வெளி ஆள் வருகிறார், வீடு இப்படிக் கிடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அவர் விழுந்து விழுந்து கிழித்த, மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவுகள் நான்குக்கும் புதுக் காகிதம் ஒட்டினாள். தவழ்ந்து தவழ்ந்து நார் பிரிந்த, கோரைப்பாய் பதித்த தரையின்மேல் புது விரிப்புப் போட்டாள். குளியலறைச் சுவரில் இருந்த ரத்தக் கறையைப் பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்து எடுத்தாள். முடித்துவிட்டு, வீடு எப்படி இருக்கிறது பார் என்று அவளே சந்தோஷப்பட்டுக்கொண்டாள். தன் கையால் என்ன காரியம் செய்கிறோம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

ஓகுமுரா சரியாக இரண்டுக்கு வந்தார். நாற்பது வயது, அளவு நாடா, புகைப்படக் கருவி, தடிமனான கோப்பு. நடைவழியை அளந்தார். தெட்சுரோ நாற்காலியைச் சுற்றிக் காட்டினார். ஒரு இடத்திலும் முட்டவில்லை.

“நல்லா ஓட்டறீங்க, ஐயா. ஆனா கேள்வி அது இல்ல. வாக்கர் போதாதாங்கறதுதான் கேள்வி. பாத்தத அப்படியே எழுதி, போதாதுன்னு மேலிடத்துக்கு நான் காட்டியாகணும்” என்றார். “கொஞ்சம் நடந்து காட்டறீங்களா?”

தெட்சுரோ வாக்கரைப் பிடித்தார். இரண்டு அடி. மூன்றாவது அடியில் ஒரு கால் மற்றொன்றின் குறுக்கே போனது. அதிகாரி பாய்ந்து பிடித்து, வாசல் தூணோரம் தரையில் உட்கார வைத்தார்.

“தப்பா நெனக்காதீங்க. போன தடவ பன்னெண்டு அடி நடந்தீங்க. நின்னு வணக்கம் சொன்னீங்க.”

“அது… நீங்க வந்திருந்தீங்கல்ல.”

“இன்னிக்கும் நான்தான வந்திருக்கேன்?”

ஓகுமுரா மிசாவோ பக்கம் திரும்பினார். “தினமும் விழறாருன்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா விழறாரு?”

“எங்கன்னு சொல்றது? இங்க, அங்க, அந்தக் கதவு மேல, குளிக்கிற எடத்துல…”

அதிகாரி கதவைப் பார்த்தார். பால் மாதிரி வெள்ளை. விரிப்பைப் பார்த்தார். குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “ஒரு கீறல்கூட இல்லையேம்மா” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கோப்பில் எழுத ஆரம்பித்தார்.

இத்தனை நாளாகப் புருஷனைத் திட்டினோமே, இன்று அவர் பொய் சொல்லவில்லை, தன் வீடுதான் பொய் சொல்கிறது என்று அப்போதுதான் மிசாவோவுக்கு உறைத்தது. அவள் எழுந்தாள். கதவருகே போய், ஒட்டி மூன்று நாள்கூட ஆகாத காகிதத்தில் பத்து விரலையும் விட்டு மேலிருந்து கீழாகக் கிழித்தாள்.

“இங்க பாருங்க. இது அவரு தல போன எடம். இது முழங்கை. இது குறுக்குச் சட்டம் ஒடஞ்சது, நான்தான் நாடா போட்டுச் சுத்தி வச்சேன்.”

அடுத்த கதவு. அதற்கடுத்தது. விரிப்பை இழுத்துச் சுருட்டி மூலையில் எறிந்தாள். “தவழ்ற தடம். படுக்கையிலேர்ந்து கக்கூஸ் வரைக்கும். போய்ச் சேராத அன்னிக்கு எங்க நனஞ்சுதுன்னும் காட்டட்டுமா?”

“போதும், மிசாவோ” என்றார் தெட்சுரோ.

அவள் காதில் விழவில்லை. குனிந்து அவருடைய கால்சட்டையை இரண்டு பக்கமும் தொடைவரை ஏற்றினாள். முழங்கால்கள் தேய்ந்த செருப்பின் அடிப்புறம் போலத் தடித்துக் கறுத்திருந்தன. “படம் எடுங்க! எடுத்து உங்க மேலிடத்துக்குக் காட்டுங்க!”

தெட்சுரோ முகத்தை மூட முயன்றார். கை முகத்துக்குப் போகாமல் காற்றில் அலைந்தது. ஓகுமுரா படம் எடுத்தார். ஒவ்வொன்றையும் எடுத்தார். பிறகு கோப்பை மூடிப் பையில் வைத்து, கால்சட்டையை அவரே கீழே இறக்கிவிட்டார். “மூணு வாரத்துல கடிதம் வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

மிசாவோ பின்னாலேயே போகவில்லை. கிழிந்த காகிதத்தின் நடுவே நின்று மூச்சு வாங்கினாள். வழியனுப்பவேண்டும் என்பதுகூட மறந்துபோயிருந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்த தெட்சுரோவுக்கு மறக்கவில்லை. விருந்தாளி படியில் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி காலணி மாட்டுகிறார். முப்பத்து நான்கு வருஷமாக அவர் பார்த்த முதுகு அது. மழையில், பனியில், விடுதிப் பேருந்து வளைவில் மறையும்வரை நின்று பார்த்த முதுகு.

தெட்சுரோ தூணைக் கட்டிப்பிடித்தார். ஒரு கை, இன்னொரு கை. எழுந்தார். தூணை விட்டார். நின்றார்.

காலணி மாட்டி முடித்து ஓகுமுரா எழுந்து திரும்பினார். மிசாவோ அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அவளுக்கு உயிரே போய்விட்டது. ஐயோ, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். நிற்கிறார், கைப்பிடிகூட இல்லாமல் நிற்கிறார், இரண்டு கையையும் தொடையில் வைத்து, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிகிறார். அந்த விடுதியில் அவரைத் தவிர வேறு யாருக்கும் வராத குனிவு.

“தொலவு வந்து சிரமப்பட்டீங்க” என்றார் தெட்சுரோ. ஒரு சொல்லும் குழறவில்லை.

ஓகுமுராவும் குனிந்தார். அவரைவிடத் தாழ்வாகக் குனிந்தார். ஆனால் நிமிரவில்லை. வணக்கம் என்றால் ஒரு மூச்சு நேரம், பெரியவர்களுக்கு இரண்டு மூச்சு. அவர் கண்ணை வாசல் கல்லில் வைத்தபடி குனிந்தே இருந்தார். அதற்குள் தெட்சுரோவின் முழங்கால்கள் உதறத் தொடங்கின. மிசாவோ ஓடிவந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். நிமிரவும் முடியாமல் மடங்கவும் முடியாமல் இறுகிப்போன உடம்பை இழுத்து, தன்மேல் சாய்த்து, அவள் சறுக்கி, அவரும் சறுக்கி, தூணடியில் ஒருவழியாக உட்கார வைப்பதற்கு வெகுநேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அதிகாரியின் தலை தாழ்ந்தே இருந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன.

“உக்காந்தாச்சாம்மா?” என்று தரையைப் பார்த்தே கேட்டார்.

“உக்காந்தாச்சு.”

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார். மிசாவோவை மட்டும் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஹிராயின் வண்டி வெளியே வந்து நின்றிருந்தது. ஓகுமுராவின் குரல் கேட்டது. “அந்த நாற்காலிய மூணு வாரம் இங்கயே விட முடியுமா? மறுபடி கொண்டாரது உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்.”

மிசாவோ தரையிலேயே உட்கார்ந்து தேம்பினாள். நன்றியா, வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தெட்சுரோவின் முகம் கோபத்தில் கோணியிருந்தது. “அந்த ஆளு ஏன்… பாக்கல?” என்று கேட்டார். பேச்சு மறுபடி குழற ஆரம்பித்துவிட்டது. “குனிஞ்சே இருந்தான். நான் நின்னத… பாக்கவே இல்ல.”

“பாக்கலங்க.”

“இனிமே நிக்க வராது. எனக்குத் தெரியும். அதான் கடசி.”

அவள் அவருடைய கையைப் பிடித்தாள். அது அவள் கைக்குள்ளும் அடங்காமல் துள்ளியது.

“நின்னேன்ல?” என்றார்.

“நின்னீங்க. நான் பாத்தேன்.”