ஜன்னலுக்கு எதிரே நின்ற மரம்

குப்பாயி மண்வெட்டியோடு வருவதை ஜன்னல் வழியே பார்த்ததும், சண்முகப்பிரியா பாதி நிரம்பிய பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

சென்னைக்கே திரும்பிப் போகிறோம் என்று நாலு நாளாகக் குப்பாயியிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக் காலை வண்டி வருகிறது.

கொரோனா வந்த வருஷம், எதிர் வீட்டுக் கதவில் தகரம் அடித்த அன்று, ஆறாவது மாடியின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மூச்சு முட்டி, அவளும் கணவன் சுதாகரும் கொல்லிமலைக்கு ஓடி வந்தார்கள். குப்பாயியும் அவள் புருஷன் வேலப்பனும் தங்கள் ஓட்டு வீட்டை இவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் காட்டுக்கொட்டாய்க்குக் குடிபோனார்கள்.

"இனி ஜென்மத்துக்கும் அந்த ஊர் வேண்டாம்க்கா" என்றவள் இவள்தான். அதோடு நிற்கவில்லை. ஆன்லைன் வகுப்பெடுக்க சிக்னல் இல்லை, ஜன்னலுக்கு எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரம்தான் மறைக்கிறது என்று கெஞ்சினாள். அதில் பல வருஷத்து மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது. "இங்கயே இருக்கப்போற புள்ள கேக்குது" என்று வேலப்பன் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தார். போனில் ஒரு கோடுதான் கூடியது.

இப்போது சுதாகரை ஆபீஸ் கூப்பிட்டுவிட்டது. ஆளில்லாமல் கிடந்த சென்னை வீடுகளுக்கு மறுபடி அடிதடி. கிடைத்த ஒன்றைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

வெளியே வந்தாள். வெட்டிய அடிமரத்தை ஒட்டிக் குப்பாயி குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. உங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சாச்சா, கம்ப்யூட்டர் மேலயே தூங்கறாரா?"

"எந்திரிச்சாச்சுக்கா. என்ன நடறீங்க?"

"கல்யாண முருங்கை. இத வேணுங்கற ஒயரத்துல வெட்டி உட்டுக்கலாம், உன் போனுக்கு மறைக்காது. மொளகுக்கொடி ஏறிக் காய்க்க மூணு வருசமாவும். மழை ஏமாத்துனா நீதான் தண்ணி ஊத்தோணும். கொட்டாயில இருந்து நான் தெனம் வர முடியாதுல்ல."

"அக்கா... நாளைக்குக் கெளம்பறோம்."

"எப்ப வருவீங்க?"

"வரமாட்டோம்க்கா. சென்னைக்கே போறோம்."

மண்வெட்டி நின்றது. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது பிரியாவுக்கு. குப்பாயி வெட்டுண்ட அடிமரத்தையே பார்த்தாள்.

"அந்த மரத்த நிக்க உட்டிருக்கலாம்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல்.

பிறகு முருங்கைக் கொம்பைக் குழியில் நட்டு, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

"ஒரு செம்புத் தண்ணி கொண்டா கண்ணு. இன்னிக்காச்சும் ஊத்து."

பிரியா கொண்டுவந்து ஊற்றினாள். மண் சட்டென்று இழுத்துக்கொண்டது. இன்னொரு செம்பு எடுக்க உள்ளே போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.