நான்கு நாளுக்குப் பதினெட்டு மாதம்

கெடு அக்கா விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். ஆய்வு நிறுவனத்தின் விண்ணப்பப் பிரிவில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். யார் எந்த யோசனையோடு வந்தாலும், "கெடு என்னைக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் அந்தப் பெயர். எண்ணி முடித்ததும் விரல்களை உதறினாள்.

"டாக்டர் பட்டம் வாங்கி ஏழு வருஷம் அஞ்சு மாசம். ஏழுக்குள்ள இருக்கணும்கிறான். தாண்டிட்டியேம்மா."

எதிரே உட்கார்ந்திருந்தவள் அங்கே ஒப்பந்த ஆய்வாளர். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவளுடைய ஒப்பந்தம் வருடக் கடைசியோடு முடிகிறது. இந்த வெளிநாட்டு நிதி கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம், தன் பெயரில் ஒரு கதவு. கிடைக்காவிட்டால் யாராவது ஒருவருடைய அளவீடுகளை அட்டவணையில் ஏற்றிக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

"மெடிக்கல் லீவு? ராணுவம்? அகதி?" அக்கா பட்டியலைப் படித்துக்கொண்டே போனாள். "குழந்தை? ஒவ்வொரு குழந்தைக்கும் பதினெட்டு மாசம் நீட்டிப்பு. பட்டத்துக்கு முன்னாடி பிறந்தாலும் சரி, பின்னாடி பிறந்தாலும் சரி. தாயா இருந்தா போதும்."

விதிமுறையின் பதினோராம் பக்கம் அது. அவள் அந்தப் பக்கத்தை இருபது தடவையாவது படித்திருந்தாள். தன் வாயால் கேட்காமல், வேறு யாராவது சொல்லட்டும் என்றுதான் அவள் இங்கே வந்தாள் என்பது அந்த நொடியில்தான் அவளுக்கே தெரிந்தது.

"ஒண்ணு பிறந்துச்சு. நாலு நாள் இருந்தான்."

அக்காவின் கை மேசை மேல் நின்றது. பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தாள். "உயிரோட பிறந்தானா?"

"ஆமா."

"அப்ப தகுதி உண்டு. உயிருடன் பிறந்தன்னுதான் போட்டிருக்கு. எத்தனை நாள் இருந்தான்னு கேக்கல. பிறப்புச் சான்றிதழ் ஒண்ணு கேக்கறான், அதைக் குடு. கேக்காததைக் குடுக்காதே. விளக்கம் எழுதினா சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா கமிட்டிக்குப் போகும், கமிட்டிக்குப் போனா நாலு மாசம்." குரலைத் தணித்தாள். "மனசைக் கல்லாக்கிக்கோ. புள்ள உனக்காக ஒரு உதவி பண்றான்னு நினைச்சுக்கோ."

வெளியே வந்து படி இறங்கும்போது கணக்குப் போட்டாள். நான்கு நாளுக்குப் பதினெட்டு மாதம். இவ்வளவு தாராளமாக இதுவரை அவளுக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை. இப்படி நினைக்க முடிகிறதே என்று அருவருப்பு வந்தது. கூடவே, படி இறங்குகிற கால்கள் இலேசாகத்தான் இருந்தன.

*

ஆய்வுக்கான யோசனை முதலில் யோசனையாக வரவில்லை, எரிச்சலாக வந்தது. முந்தின ஊரில் அவர்கள் இருந்த வாடகை வீட்டின் முன்னால் குடிநீர்க் குழாய் உடைந்து தெரு இரண்டு நாள் குளமாகக் கிடந்தது. "ஒரு வாரமாவே வால்வுல காதை வெச்சா ஒரு மாதிரி கேட்டுது" என்றான் அவள் கணவன். அவன் கருவிக்கூடத்தில் வேலை செய்பவன். இரும்போடும் கம்பியோடும் பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேச மாட்டான். அந்த "ஒரு மாதிரி"யை நான்கு வருடமாக இவள் துரத்திக்கொண்டிருந்தாள். டப்பா மூடி அளவில் ஒரு சென்சாரை அவன் செய்து கொடுத்தான். வால்வில் ஒட்டினால் போதும், குழாயின் சத்தத்தை நாள் முழுக்கப் பதிவு செய்யும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் மலிவான கருவி என்றுதான் முதல் வரைவில் எழுதினாள். போன முறை இதே நிதியை வென்ற சக ஆய்வாளன் ஒருவன் அதைப் படித்தான். வென்றதற்குத் தந்த கண்ணாடிக் கோப்பையை மேசையில் வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருந்ததால் அவனைக் கோப்பை என்பார்கள்.

"இது பிளம்பர் வேலை மேடம்" என்றான். "கருவிக்கு எவனும் காசு தர மாட்டான். கேள்விக்குத்தான் தருவான். உங்க கேள்வி எங்க?"

வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் காலையில் அவன் சொன்னது சரி என்று பட்டது. கருவியை ஆறாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தின் முதல் வரியில் கேள்வியை வைத்தாள்: உடையப் போகிற குழாய் உடைவதற்கு முன் என்ன ஒலி எழுப்புகிறது? அந்த வரி வந்த பிறகு மற்றவையெல்லாம் தானாக வந்து அதன் பின்னால் நின்றன. எந்த உலோகம், எந்த மண், எத்தனை தெரு, இரண்டு வருடம் வெளியூர்களில் களப்பணி, தோற்றால் என்ன மிஞ்சும். பதினான்காவது வரைவில் கணவன் ஓர் அடிக்குறிப்பாகியிருந்தான். அவன் அதைப் படித்துவிட்டு, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தான்.

சான்றிதழைக் கேட்டபோது அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"எதுக்கு?"

"வயசு வரம்பு மாதிரி ஒண்ணுங்க. குழந்தை பிறந்திருந்தா பதினெட்டு மாசம் தராங்க."

இஸ்திரிப் பெட்டி காலரின் மேல் போய்த் திரும்பியது. "அவன் நாலு நாள்தானே இருந்தான்."

"எத்தனை நாள்னு கேக்கல."

"ஓ" என்றான். சட்டையைத் திருப்பிப் போட்டான். "கேக்கலையா."

மறுநாள் அவள் பைக்குள் ஒரு பழைய உறை இருந்தது. உள்ளே இரண்டு தாள்கள், ஒரே குண்டூசியில். பிறப்பு மேலே, மற்றது அடியில். குண்டூசி துருவேறித் தாளோடு ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து, அடித்தாளை உறைக்குள் திரும்ப வைத்தாள். மேல்தாளில் இரண்டு பழுப்புப் புள்ளிகள். பெயர்க் கட்டத்தில் ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது.

"பேரு போடலையே" என்றாள் கெடு அக்கா ஸ்கேன் செய்துகொண்டே. "பரவால்ல. விண்ணப்பத்துல பேருக்குக் கட்டமே இல்ல."

*

ஒரு நிறுவனத்திலிருந்து ஒரே ஒரு விண்ணப்பம்தான் போகலாம். மூன்று பேர் போட்டியில் இருந்தார்கள். யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய ஓர் ஒத்திகை நேர்காணல். நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர் அம்மாவும் கோப்பையும். ஓரத்தில் கெடு அக்கா, குறிப்பு எடுக்க. கருவியைக் காட்டுவதற்காக அவள் கணவனும் வந்திருந்தான். சுவரோரம் ஒரு நாற்காலியில், சென்சாரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த ஊருக்கு அவர்கள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்கள் வீட்டைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

அவள் நன்றாகப் பேசினாள். கோப்பை நான்கு கேள்விகளால் அவளைக் கிழிக்கப் பார்த்தான். நான்கிலும் தப்பித்தாள். லாரிச் சத்தத்தை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டபோது, "லாரி போயிடும் சார். குழாய் போகாது" என்றாள். இயக்குநர் அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஆய்வுக்கூடத்தின் கதவு தெரிந்தது.

இயக்குநர் அம்மா தாளைப் புரட்டினாள். "இது கேக்கக் கூடாத கேள்வி. அவங்க கேக்க மாட்டாங்க. ஆனா மனசுல நினைப்பாங்க, அதனால நான் கேக்கறேன். குழந்தை நீட்டிப்பு வாங்கியிருக்கீங்க. ரெண்டு வருஷம் வெளியூர்க் களப்பணின்னும் போட்டிருக்கீங்க. அதுவரைக்கும் புள்ளையை யார் பாத்துப்பா?"

கெடு அக்காவின் பேனா நின்றது.

சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. அவளுக்குள் அது தயாராகவும் இருந்தது. ஆனால் சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். முகங்கள் சுருங்கும், யாராவது தண்ணீர் தருவார்கள். பிறகு அவள் அறையை விட்டுப் போனதும், செத்த குழந்தையைக் காட்டியா நீட்டிப்பு வாங்கினாள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"அவர் பாத்துப்பார் மேடம்." சுவரோரம் கை காட்டினாள். "இப்பவும் அவர்தான் பாத்துக்கறார்."

"எத்தனையாவது படிக்கிறான்?"

"மூணாவது. எட்டு வயசு. இதோ பின்னாடித் தெரு ஸ்கூல்தான்." கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். பொய்க்கு ஒரு முகவரி இருந்தால் நிற்கும் என்று எங்கோ ஒரு மூலையில் மூளை கணக்குப் போட்டிருந்தது.

கோப்பை நாற்காலியைத் திருப்பினான். "அப்படியா சார்? பையன் யார் மாதிரி? அம்மா மாதிரி வாயாடியா, உங்க மாதிரி ஊமைக்கோட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவன் மடியில் இருந்த துணியின் முனையை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டான்.

"என்னை மாதிரிதான் சார்" என்றான். "சத்தமே போட மாட்டான்."

அந்த நான்கு நாளில் குழந்தை அழுதது யாருக்கும் கேட்டதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வாய் மட்டும் திறந்து திறந்து மூடும்.

"குடுத்து வெச்சவங்க!" என்றாள் இயக்குநர் அம்மா. "என் வீட்ல ரெண்டும் கூரையைப் பிச்சிடும்." பேனாவால் தாளில் வட்டம் போட்டாள். "நீங்கதான் போறீங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க. இப்ப சொன்னீங்களே, கணவர் பாத்துக்கறார்னு, அதை விண்ணப்பத்துலயே ஒரு வரி சேத்திடுங்க. அந்த மாதிரி வீடுன்னா வெளிநாட்டுக்காரனுக்கு ரொம்பப் பிடிக்கும்."

தாழ்வாரத்தில் கெடு அக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். "நல்லா சமாளிச்சே" என்றாள். பாராட்டா, வேறு ஏதாவதா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

*

விண்ணப்பத்துக்குக் கெடு அன்று மாலை நான்கு மணி. இரண்டாம் மாடியில் அக்காவின் அறையில், அக்காவின் கணினியில் அவள் அந்த வரியைத் தட்டினாள். எங்கள் எட்டு வயது மகனின் பராமரிப்பை என் கணவர் முழுமையாக ஏற்றுள்ளதால், களப்பணிக் காலம் முழுவதும் நான் தடையின்றிப் பணியாற்ற இயலும். நல்ல வாக்கியம். எங்கும் இடறவில்லை. இத்தனை வருடத்தில் மகனைப் பற்றி அவள் எழுதிய முதல் வாக்கியம் அதுதான்.

கருவி வடிவமைப்பாளர் என்ற இடத்தில் கணவன் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றரைக்கு வந்தான். அதே நேரம் பின்னாடித் தெருவில் பள்ளிக்கூட மணி அடித்தது.

"இங்க ஒரு கையெழுத்துங்க" என்று தாளை நகர்த்தினாள்.

அவன் தாளைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "ஸ்கூல் விட்டாச்சு" என்றான். "நான்தானே பாத்துக்கணும்? போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"தம்பி" என்றாள் அக்கா.

"அஞ்சு நிமிஷம்க்கா."

சென்சாரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவள் ஜன்னலுக்குப் போனாள். கீழே அவன் சாலையைக் கடந்து, பள்ளி வாசலில் நின்ற பெற்றோர்களுக்கு நடுவே ஓர் இடம் பார்த்து நின்றான். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு கையோடு போய்ச் சேர்ந்தது. அவன் எட்டிப் பார்க்கவில்லை, கைகாட்டவில்லை. சும்மா நின்றான், முறை வரும் என்பதுபோல. கூட்டம் கலைந்தது. கடைசியாக ஒரு சிறுமியை யாரோ வந்து அழைத்துப் போனார்கள். காவலாளி ஏதோ கேட்டார். அவன் தலையை ஆட்டினான். இரும்புக் கதவு மூடியது. அதன் பிறகும் நின்றான்.

"போய்க் கூட்டிட்டு வாடி அந்த மனுஷனை" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. இறங்கிப் போனால் அங்கே ஏதாவது பேச வேண்டியிருக்கும். பேசினால் நான்கு மணி தாண்டிவிடும். இதையும் அவள் கணக்காகத்தான் போட்டாள். "அவரே வருவார்க்கா" என்றாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்தான். உட்காரவில்லை. பேனாவை வாங்கினான். திரையில் இருந்த வரியைக் குனிந்து ஒருமுறை முழுக்கப் படித்தான். அவனுடைய சட்டையில் வெயில் வாசனை அடித்தது.

"தப்பா இருக்கு" என்றான்.

அவளுக்குள் ஏதோ ஒன்று, பயமா நிம்மதியா என்று தெரியாமல், எழுந்து நின்றது. "எது?"

"எட்டு இல்ல. அடுத்த மாசம் பதினொண்ணாந்தேதிதான் எட்டு. இப்ப ஏழுதான்." பேனா முனையால் திரையைத் தொட்டான். "சான்றிதழ்ல தேதி இருக்கும்ல. ஒத்துப்பாத்தா தள்ளிடுவாங்க."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏழு வருடம் ஐந்து மாதம் என்று தன் பட்டத்துக்கு நாள் பிசகாமல் கணக்கு வைத்திருந்தவள் அவள். எட்டை அழித்தாள். ஏழு என்று போட்டாள். அவன் குனிந்து, எப்போதும் போல நிதானமாக, பெயரின் இரண்டு புள்ளிகளையும் வைத்துக் கையெழுத்துப் போட்டான். சென்சாரை எடுத்துக்கொண்டு கருவிக்கூடத்துக்குப் போனான்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு அவள் அனுப்பினாள்.