மாற்றிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. வீங்கிய கன்னத்தோடு பக்கத்தில் இருந்த பெண், என்ன வேலை என்று கேட்டாள்.

“கதை எழுதறேன்.”

“நானும்தான். கம்பெனிக் கணக்கு.”

அவள் சொன்னதில் பாதி புரிந்தது. மீதி என் சொந்தச் சரக்கு.

2

குடைக் கம்பெனியின் ஜன்னலுக்கு வெளியே மழை சோவென்று...

(குடை என்றதும் மழையா? வெட்கக்கேடு. அடித்துவிட்டேன்.)

குடைக் கம்பெனியின் முதலாளி அவளுடைய மாமனார். அவள் மருமகள் மட்டுமல்ல, கணக்குக்குப் பொறுப்பான அதிகாரி. அவள் கையெழுத்து இல்லாமல் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகாது. இந்த வருடம் லாபம் ஒரு கோடி, பங்குகள் பத்து லட்சம். பங்குக்குப் பத்து ரூபாய். இதுவரை எனக்கே புரிகிறது.

சிக்கல், மாமனாரின் தங்கை. கம்பெனிக்கு அவர் கொடுத்த கடனுக்கு ஒரு பத்திரம் வைத்திருக்கிறார். வட்டி வாங்கலாம், மனம் மாறினால் கடனையே ஒரு லட்சம் பங்காக மாற்றிக்கொள்ளலாம். அவர் மாற்றவில்லை. ஆனாலும் வருடத்தின் முதல் நாளே மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொண்டு இன்னொரு கணக்கும் போட வேண்டும் என்பது விதி. (இதை எழுதியவர் யாரோ, என் இனம்.)

3

“சின்ன அத்தை மாத்திட்டாங்கன்னா அவங்களுக்கு வட்டி கிடையாது மாமா. வரி போக அந்த மூணு லட்சம் லாபத்துல சேருது.”

“பாத்தியா! அப்ப நூத்தி மூணு லட்சம். பங்குக்குப் பத்து புள்ளி முப்பது. கையெழுத்துப் போடு.”

“பங்கு பதினோரு லட்சம் ஆயிடுதே. ஒம்பது புள்ளி முப்பத்தாறுதான்.”

“வட்டிய மட்டும் சேத்துக்கோ. பங்க விட்டுடு.”

“ஒரே ஆளு மாத்தினதாவும் மாத்தாததாவும் எப்படி மாமா இருக்க முடியும்?”

“நீ என் தங்கச்சியோட இருந்து பாத்ததில்ல.”

போன வருடப் பொதுக்கூட்டத்தில், எந்தக் கணக்கிலும் பத்துக்குக் கீழே போனால் நாற்காலியை விட்டு இறங்குகிறேன் என்று மைக்கில் முழங்கியவர் மாமனார். யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் முழங்கினார்.

4

(மாமனாரை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. காரணம், காத்திருப்பு அறையில் கடைசியாக அவள் சொன்னது: அவள் கணக்காளர் தேர்வுக்குப் படித்த இரண்டு வருடமும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தவர் அவர்தான். இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். பல்வலி என்றாள்.)

5

முடிவு ஒன்று: பத்து புள்ளி முப்பதுக்குக் கையெழுத்துப் போடுகிறாள். நாற்காலி பிழைக்கிறது. அவளுடைய உரிமம்...

முடிவு இரண்டு: ஒன்பது புள்ளி முப்பத்தாறு. அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லோரும்...

முடிவு மூன்று: தங்கை ஓடி வந்து பத்திரத்தைக் கிழிக்கிறார். (சீ. சினிமா.)

சரி, இருப்பதைச் சொல்கிறேன். மணி மூன்றே முக்கால். பத்து புள்ளி முப்பது என்று போட்ட காகிதம் மேசைமேல். அவள் பேனாவைத் திறந்துவிட்டாள். மாமனார் கதவருகே நின்று, “அம்மாடி” என்கிறார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் வரவில்லை, எனக்கும்.

எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதாக. அவள் போட்டாள் என்றால், அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அந்தப் பொய்க்கு ஏற்ற கணக்கை நீங்களே எழுதிக் கொடுங்கள். போடவில்லை என்றால், கதவருகே நிற்பவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.