கேள்வி கேட்க வந்தவன்

எழிலரசனுக்குக் காப்பி போட்டுத் தர மாட்டேன் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். பிறகு நானே கடைக்குப் போய் அரை லிட்டர் பால் அதிகமாக வாங்கி வந்தேன். வருகிறவன் டாக்டர். இப்போது கோரிமேட்டுப் பக்கம் குடியிருக்கிறான். அதற்கு முன்பு தெற்கு சூடானில், என் மனைவி லினெட்டோடு ஒரே கூடார ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன்.

லினெட் நர்ஸ். வெளிநாட்டு நிவாரண அமைப்பு ஒன்றில் ஒன்பது வருஷம் இருந்தாள். எங்கே குண்டு விழுகிறதோ அங்கே போவாள். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர், அந்த ரத்தம் சும்மா இருக்குமா என்பாள் என் அம்மா. நான் நெல்லித்தோப்பில் டிடிபி கடையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்துக் கிடந்தேன். போன வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே யுனிவர்சிட்டியில் பிஎச்.டி. சேர்ந்தாள். இனி அவள் எனக்குத்தான் என்று வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டு வந்தேன். முடி வளர்வதற்குள் எழிலரசன் வந்துவிட்டான்.

சண்டை நாடுகளில் நிவாரண வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதில் ஒரு வழக்கம் உண்டாம். மற்றவர்களைப் பேட்டி எடுக்கும் முன், அதே கேள்விகளை யாராவது அவளிடம் கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தன் கதையையே அடுத்தவர் வாயில் திணித்துவிடுவாளாம். அவளுடைய கைடு அறிவுமதி மேடம் சொன்னது.

"நான் கேக்கறேன்" என்றேன்.

"வீட்டு ஆளுங்க கேக்கக் கூடாதுங்க. அந்த வேல தெரிஞ்சவங்கதான் கேக்கணும்."

"வெண்ணெயக் கையில வச்சிக்கினு நெய்க்கு அலையற."

"இது வேற நெய்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழிலரசன் வந்தான். நான் நினைத்ததைவிட அழகாக இருந்தான். அதற்கே அவனை மன்னிக்கக் கூடாது. என் வயசு இருக்கும், கூசாமல் "வணக்கம்ணே" என்றான். லினெட் வாசலுக்கே ஓடினாள். "வாடா, வழி தெரிஞ்சிதா?" என்றாள். வாடா! கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வாங்க போங்கதான். எனக்கு மரியாதை வேண்டாம் என்று ஒரு மனுஷன் எப்படி வாய்விட்டுக் கேட்பான்?

"அந்த ஆடு ஞாபகம் இருக்கா?" என்றான் அவன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன ஆடு என்று கேட்டேன். "அங்க இருந்தாதான்ணே புரியும்" என்றான். அந்த ஆட்டின் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரி படிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து அவள் போன் செய்தபோதெல்லாம் ஒரே பேச்சுதான்: சாப்பிட்டேன், தூங்கினேன், இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல. அதை நம்பித்தான் நான் தினமும் கடை திறந்தேன். இவனிடம் மட்டும் இவ்வளவு நேரம் சொல்ல என்ன இருக்கிறது?

காப்பியைச் சாக்கு வைத்துக்கொண்டு கதவைத் தட்டாமலே திறந்தேன்.

"வீட்டுக்குச் சொல்லாம விட்டது எது?" என்று எழிலரசன் கேட்டுக்கொண்டிருந்தான். எதிரில் லினெட் அழுதுகொண்டிருந்தாள். மூக்கு ஒழுகுவதைக்கூடத் துடைக்காமல் குழந்தைபோல அழுதாள். அவள் அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வச்சிட்டுப் போங்க" என்றாள்.

அழுகையை அவனுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு சிரிப்பு. அவன் கிளம்பியதும் சண்டைக்கு நின்றேன்.

"அவங்கிட்ட சொன்னத எங்கிட்டயும் சொல்லு. புருஷன் நானா, அவனா?"

அவள் கோபப்படவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "கேளுங்க."

"வீட்டுக்குச் சொல்லாம விட்டது எது?"

"அங்க... நல்லாத்தாங்க இருந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். ஒண்ணும் பிரச்சின..." போனில் கேட்ட அதே குரல். அவளுக்கே அது கேட்டிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"வரலங்க. நீங்க பயந்துடுவீங்கன்னே இத்தன வருஷம் பேசிப் பழகிட்டேன். உங்க மூஞ்சப் பாத்தா வேற எதுவும் வரமாட்டேங்குது."

வேறு ஏதாவது தப்பு நடந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தவளோடு என்ன சண்டை போடுவது?

"பாதிதான் வந்திருக்காம், இன்னொரு தடவ உக்காரணும்னு எழில் சொன்னான்" என்றாள். "உங்களுக்குப் புடிக்கலன்னா வேணாம். மேடத்துக்கிட்ட வேற தலைப்பு கேட்டுக்கறேன்."

காலையிலிருந்து நான் ஆசைப்பட்டது இதுதான். கேட்காமலே மடியில் வந்து விழுந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் எழுந்து காப்பி டம்ளர்களைக் கழுவப் போனேன்.

அவள் அங்கேயே பாயை விரித்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். ஊருக்கு வந்ததிலிருந்து கேட் சத்தம் கேட்டாலே பதறி எழுந்து உட்காருகிறவள். அன்றைக்கு அடுத்த தெருவில் சாவு ஊர்வலத்துக்குச் சரம் சரமாக வெடி போட்டார்கள். ஜன்னல் அதிர்ந்தது. லினெட் புரண்டுகூடப் படுக்கவில்லை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் கொடுக்க முடியாத தூக்கம். பொறாமை அப்போதும் போகவில்லை. இன்னும் கூடத்தான் செய்தது. அவள் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"டாக்டர், லூர்துபிரகாஷ் பேசறேன்."

"சொல்லுங்கண்ணே." குரலில் பயம் தெரிந்தது. எனக்கு அது கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம வாங்க. சர்ச்சுல பூச முடிஞ்சி அவ வந்துடுவா. மிச்சத்தயும் கேளுங்க."

"நீங்க இருப்பீங்கல்ல?"

"நான் கடைக்குப் போயிடறேன்" என்றேன். "வீட்ல இருந்தன்னா அவ சிரிச்சிடுவா."