சின்ன வட்டம் எந்தப் பக்கம்

பத்தொன்பது வருடம் நாட்டுக்காகப் பந்து உருட்டியவள் நான். அன்று தேர்வு ஆட்டத்தில் என் பந்து பக்கத்து ஆடுதளத்துக்குப் போய் யாருடைய காலடியிலோ நின்றது. மானம் கப்பலேறிவிட்டது.

லான் பவுல்ஸ் என்ற எங்கள் ஆட்டத்தில் பந்து முழு உருண்டை இல்லை. புல்தரையில் வளைந்துதான் ஓடும். அதன் ஒரு பக்கம் சின்ன வட்டம், மறுபக்கம் பெரிய வட்டம் பொறித்திருக்கும். சின்ன வட்டத்தை உள்பக்கம் வைத்து உருட்டினால், வளைந்து வந்து, தூரத்தில் இலக்காக வைத்த வெள்ளைப் பந்தை ஒட்டி நிற்கும். மாற்றிப் பிடித்தால் ஊர் சுற்றப் போய்விடும். நேற்றுச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு அது. நானா செய்தேன்?

எங்களுடையது மூன்று பேர் அணி. வழக்கமாக முதல் ஆள் என் நாத்தனார், இரண்டாவது நான். எனக்கு முதுகுவலி, உருட்டும்போது தவிரக் குனிய மாட்டேன். அவள்தான் பந்தைத் துடைத்து என் கையில் வைப்பாள். அன்று முதல்முறையாக என்னைக் கேப்டனாக ஆடவிட்டுப் பார்த்தார்கள். நன்றாக ஆடினால் உலகப் போட்டிக்கும் நான்தான் கேப்டன். கேப்டன் கடைசியாக உருட்டும்போது மற்ற இருவரும் எதிர்முனைக்குப் போய்விட வேண்டும். நான் தனியாக நின்றேன்.

இரண்டாவது பந்தை எடுத்து நன்றாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு வட்டம். துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. குத்துமதிப்பாக ஒரு பக்கம் பிடித்து விட்டேன். அதுவும் எதிர்த்திசையில் வளைந்து ஓடியது.

"யாரோ என் பந்தை மாத்திட்டாங்க!" என்று கத்தினேன். என் வாய்க்கு எப்போதுமே பூட்டு கிடையாது.

நடுவர் வந்து மூன்றாவது பந்தை வாங்கிப் பார்த்தார். "உங்க பந்துதான் மேடம். இது சின்ன வட்டம், இது பெருசு."

"எங்க பெருசு? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு!"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அதற்குள் நாத்தனார் எதிர்முனையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். மூச்சு வாங்க, பந்தைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"இப்ப விடுங்க அண்ணி."

விட்டேன். அழகாக வளைந்து போய் வெள்ளைப் பந்தைத் தொட்டு நின்றது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

"எத்தனை நாளா இப்படித் திருப்பிக் குடுக்கற?"

"பதினோரு மாசமா."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"கண்ணாடி போடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன் அண்ணி. எனக்கென்ன வயசாயிடுச்சான்னு குதிச்சீங்க. அப்புறம் எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

ஆறு மாதம் முன்பு கழுத்தில் போட்ட பதக்கம் நினைவுக்கு வந்தது. அது யார் ஜெயித்தது? அவளா, நானா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தேர்வாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "கடைசிப் பந்து பிரமாதம்! முதல் ரெண்டும் பதட்டம்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதட்டம் இல்ல சார். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

சொன்ன பிறகுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் பந்து துடைக்கிற துணியை என்னிடம் நீட்டினாள்.